அரியலூர்ப் பஞ்சும் பச்சைமிளகாய் வினிகரும்

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் அப்பளம், வடகம், நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோவார்கள். நான் ஒரு கல்லைக் கொண்டுபோனேன். மச்சினனுக்காக என் மனைவி கட்டிக்கொடுத்த வடகத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியில் அதற்கு இடம் பிடித்தேன் என்பது, இந்தக் கட்டுரை அச்சில் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

துறைமுகத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி தமிழர். கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"கடற்பஞ்சு."

"பஞ்சுங்கிறீங்க, கனம் கனக்குதே?"

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தினது. கல்லாயிடுச்சு."

"அவ்வளவு வருஷமா வீட்ல என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாக்கட்டியால் பெட்டியில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

கேள்வி நியாயமானதுதான். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறையில் டெமான்ஸ்டிரேட்டர். பதினெட்டு வருஷமாக அதே பதவி, அதே மேஜை, அதே நாற்காலி. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் பேரில் ஆளுக்கொரு கல்லாகிப்போன நத்தையோ சிப்பியோ புத்தகத்தில் ஏறிவிட்டது. என் பேரில் ரேஷன் கார்டு மட்டும்தான். அப்படி இருக்கையில் அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரியில் இந்தக் கல் கிடைத்தது. கிண்ண வடிவம், நடுவில் ஒரு குழி, வெளிப்புறம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரமாக வலைப்பின்னல். பார்த்த நிமிஷமே இது கடற்பஞ்சு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கடற்பஞ்சு என்பது கடலடியில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு பிராணி. வாய் கிடையாது, வயிறு கிடையாது. உடம்பெல்லாம் ஓட்டை, ஓட்டை வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் கிடைப்பதைத் தின்று உயிர் வாழும். சதை சரிந்து விழாமல் இருக்க உள்ளே ஊசி ஊசியாக எலும்புகள் உண்டு. சில பஞ்சுகளுக்கு அது சுண்ணாம்பு, சிலவற்றுக்குக் கண்ணாடி மாதிரியான சிலிக்கா. என் கல்லில் இருந்த சதுர வலை கண்ணாடி வகைக்கே உரியது.

எங்கள் துறைத் தலைவர் கண்ணாடியைக்கூட மாட்டாமல் பார்த்துவிட்டு, "பவளம்யா" என்றார். "வேணும்னா ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாரும். பொங்கினா சுண்ணாம்பு, பவளம்தான். நீரே பசங்களுக்கு நடத்துற பாடம்தானே?"

ஒரே ஒரு கல், கெட்டுப்போகும் என்று மழுப்பினேன். உண்மையில் பயம். பொங்கிவிட்டால் என்ன செய்வது?

"அப்ப வெளியூர்ல யார்கிட்டயாவது காட்டி நிச்சயம் பண்ணிட்டு வாரும். இல்லேன்னா, அடுத்த மாசம் நிலவியல் சங்கக் கூட்டத்துல நீர் கட்டுரை படிக்க வேண்டாம். பவளம்னு லேபல் ஒட்டி நானே அலமாரியில வெச்சுடறேன்" என்றார். அந்தச் சமயம் பார்த்து மச்சினன் செல்வராஜ் சிங்கப்பூருக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதியிருந்தான். அங்கே மியூசியத்தில் கடற்பிராணிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் உண்டென்று கேள்வி. ஆக, கல்லும் நானும் புறப்பட்டோம்.

செல்வராஜ் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஃபேரர் பார்க்குக்குப் பக்கத்தில் அரசாங்க வீடு. அவன் மனைவி பத்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவள். முதல் நாள் அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, அண்ணி வடகம் அனுப்பறதா எழுதியிருந்தாங்களே? கல்லு மட்டும்தான் இருக்கு லா?" என்றாள். கப்பலில் எலி தின்றுவிட்டது என்றேன். கல்லை விட்டுவிட்டதே, நல்ல எலிதான் என்றாள்.

இரண்டாம் நாள் காலை தேக்கா சந்தையில் பரோட்டா சாப்பிட்டேன். நம் ஊரில் மாவை அடித்து, கிழித்து, பழிவாங்குவதுபோல் செய்வார்கள். இங்கே ஒருவர் மாவை ஆகாயத்தில் வீசி வீசி, துணி உலர்த்துவது மாதிரி விரித்து மடித்துப் போட்டார். காப்பியைக் கோப்பையிலிருந்து சாசரில் ஊற்றிக் குடிக்கிறார்கள். நான் டபராவென்று நினைத்துத் திருப்பிக் கோப்பையில் ஊற்றினேன். எதிரே இருந்த சீனக் கிழவர் எனக்காக வருத்தப்பட்டார்.

மியூசியத்துக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது என்று செல்வராஜ் இரண்டு தடவை சொல்லியிருந்தான். இரண்டு தடவையும் தலையை ஆட்டினேன். கேட்டேனா என்பது வேறு விஷயம். ஏறிய பஸ் கடைகளைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் புகுந்து, கடைசியில் கடலைப் பார்த்து நின்றது. "இதுதான் மியூசியமா?" என்றேன். கண்டக்டர் "பிடோக்" என்றார். அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள், காயப்போட்ட மீன், இரண்டு வாத்து. மியூசியம் இல்லை.

கடல் உள்வாங்கியிருந்தது. ஒரு மலாய்க்கார மீனவர் வலையில் சிக்கிய குப்பையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று. கொழகொழவென்று, ஓட்டை ஓட்டையாக. ஓடிப்போய் இரண்டு கையாலும் எடுத்தேன். உயிருள்ள பஞ்சு! மீனவர் ஏதோ சத்தம் போட்டார். பக்கத்தில் மீன் வாங்க வந்திருந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"தொடாதே, கை அரிக்கும்னு சொல்றாருங்க."

"இதைப் பத்தி நான் பதினெட்டு வருஷமா பாடம் நடத்துறேன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். மீனவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தொட்டதில்லையான்னு கேக்குறாருங்க."

தொட்டதில்லை. பார்த்ததும் இல்லை. திருச்சியில் காவிரிதான் உண்டு. நான் நடத்தியதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்த பஞ்சு. அந்த நோட்டும் என்னுடையதல்ல. எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் ரிட்டையர் ஆகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவருக்கு அவருடைய முன்னவர் கொடுத்தது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் வாத்தியார் நோட்டைப் படிப்பார், பையன்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதையே திருப்பிக் கொடுப்பார்கள், வாத்தியார் அதே நோட்டைப் பார்த்து மார்க் போடுவார். இந்தச் சுற்றுக்குள் கடல் வர வழியே இல்லை.

பஞ்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திரும்பினேன். பஸ்ஸில் நாற்றம் தாங்காமல் என்னைச் சுற்றி மூன்று வரிசை காலியாகிவிட்டது. இவ்வளவு வசதியாக நான் எங்கும் பிரயாணம் செய்ததில்லை. வழியில் வியர்க்கிறதே என்று அதே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கண்ணாடி ஊசிகள் உள்ளே இறங்கின. "பஞ்சின் உடல் நுண்ணிய ஊசிகளால் தாங்கப்படுகிறது" என்ற வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதன் அர்த்தம் அன்றுதான் தோலில் ஏறிற்று.

பத்மா விஷயம் தெரியாமல் கைக்குட்டையைச் செல்வராஜின் சட்டைகளோடு ஊறவைத்துவிட்டாள். மறுநாள் அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்தான். "அத்தான், மேனேஜர் முன்னாடி நின்னுட்டு டான்ஸ் ஆடியிருக்கேன். லேசா உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. எங்க அக்கா புருஷன் வந்திருக்காருன்னு சொன்னேன்."

அது சனிக்கிழமை, அரைநாள் வேலை. சாப்பிட்டுவிட்டு அப்படியே மியூசியத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். தனியாக விட்டால் உட்லண்ட்ஸ் வழியாகப் பாலம் தாண்டி மலாயாவின் ஜொகூருக்குப் போய்விடுவேன் என்று பயம். கல்லைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரு சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் வந்தது. கூடவே ஒரு சின்னத் தட்டில், வினிகரில் ஊறிய பச்சைமிளகாய்.

கல்லைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, கண்ணாடிப் பஞ்சின் பெருமைகளைச் செல்வராஜுக்கு விளக்க ஆரம்பித்தேன். நான் பேசும்போது கை சும்மா இருக்காது. முழங்கை பட்டு மிளகாய்த் தட்டு கவிழ்ந்தது. வினிகர் முழுவதும் கல்லின் மேல்.

"அத்தான், உங்க கல்லு சோடா மாதிரி நுரைக்குது!"

பொடிப் பொடியாகக் குமிழிகள். காது வைத்தால் கேட்கிற மாதிரி ஒரு சின்ன 'உஸ்'. கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கண்ணாடி வினிகருக்கு அசையாது. பொங்கியது சுண்ணாம்பு. "கண்ணாடிப் பஞ்சு ஆசிட்டில் பொங்காது, பொங்கினால் அது கண்ணாடிப் பஞ்சு அல்ல." எங்கள் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வரி. நானே என் வாயால் வருஷா வருஷம் சொன்னது.

"என்னாச்சு அத்தான்?"

"ஒண்ணுமில்லே மாப்ளே. பவளம்."

மீ கோரெங்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். துக்கத்தில் எனக்குப் பசி அதிகமாகும். மியூசியத்துக்குப் போகவில்லை. திரும்பும் வழியில் ஃபேரர் பார்க் மைதானத்தில், பந்தாட்டம் பார்க்கிற கூட்டத்துக்குப் பின்னால், ஒரு மரத்தடியில் அந்தக் கல்லை வைத்துவிட்டு வந்தேன். பூனைக்குட்டியை விட்டுவிட்டு வருகிறவன் மாதிரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அது பின்னால் வரவில்லை.

திங்கட்கிழமை பத்மா பிடித்துக்கொண்டாள். "மியூசியத்துல உங்களுக்காக உங்க மச்சான் ஆள்கிட்ட சொல்லி வெச்சிருக்காரு. வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கண்ணே. இல்லாட்டி மரியாதையில்ல லா." பஸ் நம்பரை உள்ளங்கையில் எழுதி அனுப்பினாள்.

மியூசியத்தில் பெரிய துரை லீவில் ஊருக்குப் போயிருந்தார். பின்கட்டில் பாட்டில்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வைத்திலிங்கம் என்று பெயர். என் வயதுதான். கிராணியாக வந்து, இருபது வருஷம் சங்கு, சிப்பி, பஞ்சுகளுக்கு லேபல் எழுதி எழுதி, துரைகளே சந்தேகம் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டவர் என்று செல்வராஜ் சொல்லியிருந்தான்.

"வாங்கோ, இருங்கோ. நீங்கள்தானே பஞ்சுக் கல் கொண்டு வந்தவர்? எங்க கல்?"

"மன்னிக்கணும். அது பஞ்சு இல்லே. வினிகர் பட்டுப் பொங்கிடுச்சு."

"பொங்கினா?"

"பொங்கினா சுண்ணாம்பு. கண்ணாடிப் பஞ்சு பொங்காதே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஆர் சொன்னது?"

"நான்தான். பதினெட்டு வருஷமா."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்! உயிரோட இருக்கேக்க அது கண்ணாடி, சரி. செத்துக் கல்லுக்குள்ள எத்தினை கோடி வருஷம் கிடந்தது? சிலிக்கா கரைஞ்சு போயிடும். அது விட்ட இடத்திலே சுண்ணாம்பு வந்து குந்தும். குடியிருந்தவன் போயிட்டான், வேறொருத்தன் குடி வந்திட்டான். ஆனா அறையும் கதவும் யன்னலும் முந்தின ஆள் கட்டினதுதானே? பொங்கிறதை வைச்சுக் குடியிருக்கிறவனைச் சொல்லலாம். கட்டினவனைச் சொல்லேலாது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் விடவில்லை.

"சதுர வலை எண்டு உங்கட மச்சான் சொன்னவர். அதுதான் முக்கியம். ஆகப் பழைய பாறையளிலே பாருங்கோ, மீன் வாறதுக்கு எவ்வளவோ முந்தி, சிலுவை சிலுவையா உதிரி ஊசிதான் கிடைக்கும். சதை அழுகினா ஊசி சிதறிப் போயிடும். பேந்து, கனகாலம் கழிச்சுத்தான் ஊசியை ஊசியோட ஒட்டிக் கம்பிவலை மாதிரிக் கட்டப் பழகினது. அப்பிடிக் கட்டினதுதான் முழுசாக் கல்லாகிக் கிடைக்கும்."

"ஊசிக்கும் முன்னாடி?"

"ஊசியே இல்லாத பஞ்சு இருந்திருக்கலாம். ஆனா அது எங்களுக்கு ஒரு கடுதாசியும் எழுதி வைக்கேல்லை. அது கிடக்கட்டும், உங்கட கல்லைத் தாங்கோ. ஒரு துண்டு வெட்டித் தேய்ச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"கல்லு... மைதானத்துல இருக்கு."

"மைதானத்திலயோ?"

மேலே அவர் கேட்பதற்குள் நான் படியில் இறங்கியிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறினேன். திரிஷாக்காரர் என்னைவிட மூத்தவர். மேட்டில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். கடைசிப் பாதி தூரம் காலி வண்டிக்குப் பக்கத்தில் ஓடியே வந்தேன் என்று சொல்லலாம்.

மரத்தடியில் கல் இல்லை. மரத்தைச் சுற்றினேன். இரண்டு நாளில் கல் எங்கே போகும்? பத்தடி தள்ளி ஒரு கச்சாங் பூத்தேக்காரர், தலையில் தூக்கி வந்த தட்டை இறக்கி வைத்துக்கொண்டு நின்றார். வறுத்த கடலை, சுண்டல், பட்டாணி. பொட்டலம் மடிக்கப் பழைய காகிதக் கட்டு. அந்தக் கட்டு காற்றில் பறக்காமல் இருக்க, மேலே கம்பீரமாக என் கல். நடுக்குழியில் தீப்பெட்டி.

"அண்ணே, அந்தக் கல்லு என்னுது."

"பேரு எழுதியிருக்கா?"

"நம்பர் எழுதியிருக்கு பாருங்க. வெள்ளை மையில. அ-பதினேழு."

அவர் திருப்பிப் பார்த்தார். "ஒங்க பேரு அ-பதினேழா?"

"இது கல்லு இல்லண்ணே. பிராணி."

"கடிக்குமா?"

"கடிக்காது."

"அப்ப இருக்கட்டும். ரெண்டு நாளா ஒரு பேப்பர் பறக்கல. தீப்பெட்டிக்குக் குழி வேற. வேணும்னா இதே மாதிரி ஒண்ணு கொண்டாங்க, தாரேன்."

தேடினேன். ஒரு நிலவியல்காரனுக்குச் சிங்கப்பூரில் ஒரு கல் கிடைக்கவில்லை. சாலை ஓரத்தில் கருங்கல் ஜல்லி ஒன்று அகப்பட்டது. "உருளுது" என்று தள்ளிவிட்டார். செங்கல் கொண்டுபோனேன். "கரையுது. பேப்பர்ல செவப்பா ஒட்டும்." என் மாணவர்கள் யாரும் கல்லை இவ்வளவு கவனமாகப் பரிசோதித்ததில்லை. இதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "ஆபத்துக்கு வெச்சிருக்கற கல்லைப் புடுங்குறாரே" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். பத்மா மிளகாய்ச் சம்பால் இடிக்கிற சின்ன உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கருங்கல். அடி தட்டை. குழியும் உண்டு. நான் அதைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்குண்ணே?"

சொன்னேன். அவள் உரலைத் துணியால் துடைத்து நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க லா. விளிம்புல விரிஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்னு நாலு மாசமா சொல்றேன், உங்க மச்சான் காதுல ஏறல. கேட்டா நீங்கதான் கொண்டுபோனீங்கன்னு சொல்லிடுவேன்."

உரலைப் பார்த்ததும் கச்சாங் பூத்தேக்காரர் முகம் மலர்ந்தது. தீப்பெட்டியை இடம் மாற்றினார். "இது கல்லு!" என்று என்னிடமே சொன்னார். ஒரு பொட்டலம் கடலையும் சும்மா கொடுத்தார், பாவம் என்று.

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை மியூசியப் பின்கட்டில் தேய்த்தேன். கல்லின் ஓரத்தில் ஒரு சில்லு அறுத்து, ஒரு பக்கத்தை வழுவழுப்பாக்கி, கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து ஒட்டி, மறுபக்கத்தை உரைபொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். பின்னால் வைத்த எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிதாகும்வரை தேய்க்க வேண்டும். இதுவும் எங்கள் நோட்டில் உண்டு. செய்தது முதல் தடவை. வைத்திலிங்கம் நடுவில் நடுவில் வந்து, "மெல்ல, மெல்ல. வீட்டைத் தேடிப் போயி வீட்டையே அரைச்சுப் போடாதேயுங்கோ" என்பார்.

பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். முதலில் அவர் பார்த்தார். எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

மங்கலான சேறு மாதிரி ஒரு தளம். அதற்குள் தெளிவாக, வெளிச்சமாக, சிலுவைகள். ஒரு சிலுவையின் கை அடுத்த சிலுவையின் கையோடு ஒட்டி, அது அடுத்ததோடு ஒட்டி, கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினிகரில் நுரைத்துப் போய்விடும். ஆனால் அந்தக் கட்டத்தை எந்தப் பவளமும் கட்டாது.

"புதுசோ, முந்தியே பேர் வைச்சதோ, அது எனக்குத் தெரியாது" என்றார் வைத்திலிங்கம். "பஞ்சு எண்டது நிச்சயம். எழுதித் தாறன். சந்தோசம்தானே?"

சந்தோஷம்தான். மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

"இதை உங்கட கல்லூரியிலே எப்பிடிச் சொல்லப் போறியள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் முழுவதும் எனக்கு உறைத்தது. இந்தக் கல் பஞ்சு என்றால் என் பாடம் தவறு. என் பாடம் சரி என்றால் இந்தக் கல் பவளம். பொங்கினால் பஞ்சல்ல என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மார்க் போட்டிருக்கிறேன். வேறு மாதிரி எழுதியவர்களுக்குச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். அவர்களில் யாராவது நோட்டைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்களோ என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று தலைவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க வேண்டுமானால், முதலில் நான் சொன்னது தப்பு என்று நிரூபித்தாக வேண்டும். வேண்டாமென்றால் அலமாரியில் பவளம் என்ற லேபலோடு அது பாட்டுக்கு இருக்கும். கல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

சாயங்காலம் பத்மாவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தலைவருக்குக் கடிதம் எழுதினேன். "கல் பஞ்சுதான் என்று உறுதியாகிவிட்டது. நம் துறையில் வழிவழியாக வந்த குறிப்புகளில் ஒரு சிறு குறை நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது..." செல்வராஜ் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான்.

"அந்தக் குறிப்பைப் பசங்களுக்குப் படிச்சது யாரு அத்தான்?"

"நான்தான்."

"பதினெட்டு வருஷமும்?"

"நடுவுல டைபாய்டு வந்து ஒரு மாசம் லீவு."

அவன் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். அவன் சிரித்திருந்தால் அதையே அனுப்பியிருப்பேன். இரண்டாவது கடிதம் சின்னது. "ஐயா, கல் பஞ்சுதான். ஆசிட்டில் பொங்குகிறது, பொங்கினாலும் பஞ்சுதான். பொங்கினால் பஞ்சல்ல என்று இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது தவறு. சங்கக் கூட்டத்தில் இரண்டையும் நானே சொல்கிறேன்."

"இதப் படிச்சா நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னே தெரியல லா" என்றாள் பத்மா.

"எனக்கும் தெரியல தங்கச்சி."

மனசு மாறுவதற்குள் தெருமுனைக்கு நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்டதுமே மனசு மாறிவிட்டது. பெட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். திருச்சியில் எங்கள் தெருப் பெட்டி என்றால் மூடி ஆடும், மணிக்கட்டு வரை போகும், போட்ட கடிதத்தை எடுத்து முகவரியைத் திருத்தி மறுபடி போட்டவர்கள் உண்டு. இங்கே இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போகவில்லை. சிங்கப்பூரில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.